புதிய பொறியியற் படிப்புகளும் நம் பிள்ளைகளும்

கோடை வந்துவிட்டால் நம் சங்கத்து அன்பர்கள் வீடுகளில் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளையை மேற்கொண்டு எதில் சேர்ப்பது என்பதே அது. இம்முறை அப்பேச்சு என் வீட்டுக்கும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, என் தமக்கையின் கணவர் கல்லூரிகளின் வண்ண விளக்கப் புத்தகங்கள் நான்கைக் கையில் ஏந்தி, என் மருமகளையும் உடனழைத்துக்கொண்டு மெட்டுகூடாவிலுள்ள எங்கள் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார்.

"மாப்பிள்ளை, இதில் எது உருப்படியான படிப்பு என்று நீங்கள்தாம் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றார்.

நான் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தியவன். தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானதால், கருணை அடிப்படையில் கிடைத்த எழுத்தர் வேலையில் அமர்ந்து, பார்சல் கணக்குகளோடு பதினேழு ஆண்டுகளைக் கழித்துவிட்டவன். என்னிடம் வந்து இதைக் கேட்கிறாரே என்று முதலில் கூச்சமாகவே இருந்தது. ஆனால் புத்தகங்களைப் புரட்டிய பிறகு கூச்சம் சற்றுக் குறைந்தது. அவற்றிலுள்ள சொற்கள் எனக்கும் விளங்கவில்லை, அத்தானுக்கும் விளங்கவில்லை. அவற்றை அச்சிட்டவர்களுக்கே விளங்கினவா என்பதும் ஐயமாகத்தான் இருந்தது.

நம் தந்தையர் காலத்தில் பொறியியல் என்றால் சிவில், மெக்கானிக்கல், எலக்ட்ரிகல் என்று மூன்றே பெயர்கள் வீட்டில் வழங்கின. பிறகு மின்னணுவியலும் கணினியும் சேர்ந்தன. 2020-ஆம் ஆண்டையொட்டிப் பெயர்கள் மழைக்காலக் காளான்போல் முளைத்துவிட்டன. செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும், தரவு அறிவியல், பொருள்களின் இணையம், நுண்ணறிவு அமைப்புகள், சீர்மிகு நகரத் தொழில்நுட்பம் என்பன அவற்றுட் சில. உட்பாடங்களின் வரிசையில் 'ஆப்டிமைசேஷன்', அதாவது உகப்பாக்கம் என்பதும் அடிக்கடி கண்ணிற் பட்டது. அத்தான் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். வருங்கால வைப்பு நிதியிலிருந்து முன்பணம் எடுக்க விண்ணப்பத்தைக்கூட எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார். அப்பணம் போனால் திரும்ப வாராது. நான்கு ஆண்டுகளும் அப்படியே. ஆகவே தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. பத்து நாள் அவகாசம் கேட்டேன். மருமகளையே துணைக்கு வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரின் அடியிலும் இருப்பது என்னவென்று பார்க்கத் தொடங்கினேன்.

அதற்காக நெடுந்தூரம் போக வேண்டியிருக்கவில்லை என்பதே எனக்கு வியப்பு. மெட்டுகூடாவிலிருந்து தார்னாகா வரைக்கும் நடந்தாலே பாதிக் கதை கிடைத்துவிடுகிறது.

தார்னாகாவில் இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகம் இருப்பதை நம்மவர் அனைவரும் அறிவர். பேருந்தில் கடந்து போகாதவர் இலர். நிசாம் அரசு 1944-இல் மத்திய ஆய்வுக்கூடங்கள் என்று தொடங்கிய நிலையம் அது. 1956-இல் நடுவண் அரசின் ஆராய்ச்சி மன்றத்தின்கீழ் வந்து, நெடுங்காலம் வட்டார ஆராய்ச்சிக்கூடம் என்ற பெயரில் விளங்கிற்று. மருந்துக்கும் எண்ணெய்க்கும் பேர்போன அவ்விடத்தில், 1949-இல், 'ஆப்பரேஷன்ஸ் ரிசர்ச்' என்னும் செயற்பாட்டு ஆராய்ச்சிக்கென ஒரு பிரிவு திறக்கப்பட்டது என்றும், இந்தியாவில் அத்துறை கால்கொண்டது அங்கேதான் என்றும் அத்துறையின் பாடநூல்கள் கூறுகின்றன. இன்றைய விளக்கப் புத்தகங்கள் உகப்பாக்கம் என்று புதுமெருகோடு காட்டுவது அத்துறையின் உயிர்ப்பகுதியே. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் தெருமுனையில் இருந்த சரக்கு அது.

உகப்பாக்கம் என்பது யாது? கையிலுள்ள பொருள் அளவானது, செய்ய வேண்டிய காரியம் பல. அவற்றை எப்படிப் பங்கிட்டால் செலவு மிகக் குறையும் அல்லது பயன் மிக ஓங்கும் என்று கணக்கிட்டுக் காண்பதே அது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம் வீட்டுப் பெண்டிர்க்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் அநுபவத்தால் செய்வதைக் கணிதத்தால் செய்யும்போது ஒரு வேறுபாடு தோன்றுகிறது. அதை என் மருமகள் எனக்கு ஒரு ரயில்வே உதாரணத்தாலேயே காட்டினாள்.

செகந்திராபாத்தில் ஓர் எஞ்சினும் காஜிபேட்டையில் ஓர் எஞ்சினும் சும்மா நிற்கின்றன என்று கொள்வோம். இழுக்க வேண்டிய சரக்கு வண்டிகள் இரண்டு. செகந்திராபாத் எஞ்சினை முதல் வண்டிக்கு அனுப்பினால் செலவு 10 ஆயிரம் ரூபாய். இரண்டாம் வண்டிக்கு அனுப்பினால் 20 ஆயிரம். காஜிபேட்டை எஞ்சினுக்கு முறையே 30 ஆயிரமும் 90 ஆயிரமும். எண்கள் விளக்கத்துக்காகச் சொன்னவையே. என்னைப் போன்ற எழுத்தன் என்ன செய்வான்? எல்லாவற்றிலும் மலிவானது 10 என்று கண்டு, அதை முதலில் முடித்துவிட்டு நிம்மதியடைவான். எஞ்சிய வண்டிக்கு 90 கொடுத்தாக வேண்டும். மொத்தம் 100 ஆயிரம். மலிவானதை வலிய விட்டுக்கொடுத்து, 20-ஐயும் 30-ஐயும் தேர்ந்தால் மொத்தம் 50 ஆயிரந்தான். கண்ணுக்கு முதலில் படும் மலிவு முடிவில் இருமடங்கு செலவாகிறது.

இரண்டு எஞ்சின்களென்றால் கண்ணாலேயே பார்த்துவிடலாம். பத்து எஞ்சின்களுக்கும் பத்து வண்டிகளுக்கும் பொருத்தும் வழிகள் 36,28,800. இருபதுக்கு இருபதென்றால் அவ்வெண் பத்தொன்பது இலக்கமுடையதாகிவிடும். ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்க யாருக்கு ஆயுள் போதும்? இங்கேதான் முறை வேண்டியதாகிறது. ஹரால்டு கூன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1955-இல் இதற்கு ஒரு முறையை வெளியிட்டார். தமக்கு முன் வழி காட்டிய கோனிக், எகர்வாரி என்னும் இரு ஹங்கேரியரை நினைந்து அதற்கு ஹங்கேரிய முறை என்றே பெயரிட்டார். தாளும் பென்சிலும் இருந்தால் பத்துக்குப் பத்தை ஒரு மாலையில் முடித்துவிடலாம். நாங்கள் முடித்தோம். முதல் தடவை கூட்டலில் தவறியது நான்தான்.

இத்துறையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, ரயில்வேக்காரனாகிய எனக்கு ஒரு பெருமிதமே உண்டாயிற்று. 1930-இலேயே டால்ஸ்டாய் என்பவர் (நாவலாசிரியர் அல்லர், வேறொருவர்) சோவியத் ரயில் பாதைகளில் உப்பையும் சிமெண்டையும் எங்கிருந்து எங்கே அனுப்பினால் வீண் ஓட்டம் குறையும் என்று கணக்கிட்டு எழுதினார். 1939-இல் லெனின்கிராடில் கண்டரோவிச் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்றின் இயந்திரங்களுக்கு வேலையைப் பங்கிடப் புகுந்து, அதிலிருந்து ஒரு பெரிய கணிதத்தையே எழுப்பினார். 1975-இல் பொருளியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது. போர்க்காலத்தில் பிரிட்டிஷார் அறிஞர்களைக் கூட்டிவைத்து, கப்பல்களைச் சிறு கூட்டமாக அனுப்புவதா பெருங் கூட்டமாக அனுப்புவதா என்று கணக்குப் பார்த்தனர்; பெருங் கூட்டத்தில்தான் இழப்பு விகிதம் குறைவு என்று தெரிந்தது. 1947-இல் அமெரிக்காவில் டான்ட்சிக் 'சிம்ப்ளெக்ஸ்' என்ற முறையைக் கண்டார். 1984-இல் நரேந்திர கர்மார்க்கர், பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்ற நம் நாட்டவர், மிகப் பெரிய கணக்குகளுக்கு வேறொரு விரைவு வழியைக் கண்டு உலகை வியக்கச் செய்தார். விமானப் பணியாளர் முறைப்பட்டியல், எண்ணெய் ஆலை, மின்சாரப் பகிர்வு என்று இவை நுழையாத இடமில்லை.

சரி, அத்தான் கேட்ட 'நுண்ணறிவு அமைப்பு' என்பது என்ன? இதற்கும் தார்னாகாப் பக்கமே போக வேண்டும். அங்கே 1957 முதல் ரயில்வேயின் சைகை, தொலைத்தொடர்புப் பொறியியல் பயிற்சி நிறுவனம் நடைபெற்று வருகிறது. நாட்டின் எல்லா மண்டல ரயில்வேக்களிலிருந்தும் சிக்னல் பொறியாளர்கள் இங்கே வந்து பயின்று போகின்றனர். 'கவச்' என்னும் தானியங்கி ரயில் பாதுகாப்பு முறைக்கான சிறப்பு மையமும் இங்கேதான் அமைந்துள்ளது.

கவச் நம் தென் மத்திய ரயில்வேயின் பாதைகளிலேயே வளர்ந்த குழந்தை. லிங்கம்பள்ளி, விகாராபாத், வாடி, பீதர் என்று நாம் சர்வசாதாரணமாகப் போய்வரும் தடங்களில் அதன் முதற் சோதனைகள் நடந்தன. 2016 பிப்ரவரி முதல் பயணிகள் வண்டிகளில் வைத்துப் பார்த்தனர். 2020-இல் நாட்டுக்கே உரிய முறையாக ஏற்கப்பட்டது. 2022 மார்ச் 4-ஆம் நாள் குல்லகூடாவுக்கும் சிட்கிட்டாவுக்கும் இடையே, ஒரே தண்டவாளத்தில் எதிரெதிராக இரண்டு எஞ்சின்களை ஓடவிட்டனர். ஒன்றில் ரயில்வே அமைச்சரே அமர்ந்திருந்தார். மற்ற எஞ்சினுக்கு 380 மீட்டர் முன்பாகவே வண்டி தானாக நின்றது. அன்று எங்கள் காரியாலயத்தில் எவருக்கும் வேலை ஓடவில்லை. எல்லாரும் கைப்பேசியைச் சுற்றி நின்றோம்.

அது வேலை செய்யும் வகை எளிதாகவே சொல்லக்கூடியது. தண்டவாளத்தில் கிலோமீட்டருக்கு ஒன்றாகவும் ஒவ்வொரு சிக்னலருகிலும் சிறு மின்னணு வில்லைகள் பதிக்கப்பட்டிருக்கும். எஞ்சின் அவற்றின்மேல் ஓடும்போது தான் எவ்விடத்தில் இருக்கிறோம் என்பதை அறிகிறது. நிலையத்திலுள்ள கருவி, முன்னேயுள்ள சிக்னல் சிவப்பா பச்சையா, தடம் காலியா என்பதை வானொலி அலைகளால் எஞ்சினுக்குச் சொல்கிறது. எஞ்சினிலுள்ள கருவி, இவ்வேகத்தில் போனால் நிற்க எவ்வளவு தூரம் வேண்டும் என்று இடைவிடாது கணக்கிடுகிறது. ஓட்டுநர் பிரேக் பிடிக்கத் தவறினால் அதுவே பிடிக்கிறது. அபாயமான தவறு நேரும் வாய்ப்பு பத்துக் கோடி மணிநேர ஓட்டத்துக்கு ஒன்றிலும் குறைவாக இருக்க வேண்டும் என்ற அளவுகோலுக்கு அது உட்படுத்தப்பட்டிருக்கிறது.

இவ்விடத்தில் பெற்றோர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எனக்கும் இது புதிய செய்தியாகவே இருந்தது. கவச்சுக்கும், இன்று எல்லாரும் பேசும் செயற்கை நுண்ணறிவுக்கும் குணம் வேறு. கவச் விதிப்படி நடப்பது. இந்நிலையில் இதைச் செய் என்று ஒவ்வொன்றும் முன்னரே எழுதப்பட்டு, பலமுறை பரிசோதிக்கப்பட்டது. மற்றதோ ஆயிரக்கணக்கான உதாரணங்களைப் பார்த்துத் தானே பழகிக்கொள்வது. வண்டி எண் பலகையைப் படம் பிடித்து வாசிப்பது, பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது முதலியன அதற்கு ஏற்ற வேலைகள். அங்கே நூற்றுக்கு ஒன்றிரண்டு தவறினாலும் மறுபடி சரிபார்த்துக்கொள்ளலாம். எதிரே வண்டி வரும் தடத்தில் நூற்றுக்கு ஒன்று தவறினால் என்னாவது? எந்த வேலைக்கு எந்த வகை அறிவு தகும் என்று பகுத்துணரப் பழக்கும் படிப்பே நல்ல படிப்பு. அதற்கு வாய்ப்புக் கணிதமும் புள்ளியியலும் மின்னணுவியலும் கணினி நிரலும் அடிப்படையாக வேண்டும். வழுவழுப்பான தாளில் இயந்திர மனிதனின் படத்தை மட்டும் போட்டிருந்த விளக்கப் புத்தகத்தில் இவற்றின் பெயரையே காணோம்.

கவச்சைப் பி.டெக். பாடத்திட்டத்திலேயே சேர்ப்பதற்கு அந்நிறுவனம் அங்கீகாரம் பெற்ற பொறியியற் கல்லூரிகள் பலவற்றோடு உடன்படிக்கை செய்துகொண்டிருக்கிறது. ரயில்வேக் குடும்பங்கள் நிறைந்த நம் சங்கத்தில் இச்செய்தி இன்னும் பலரை எட்டவில்லை போலும்.

சீர்மிகு நகரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். 2015 ஜூன் மாதத்தில் நடுவண் அரசு நூறு நகரங்களுக்கென அத்திட்டத்தைத் தொடங்கி 2025 மார்ச்சில் முடித்தது. தெலங்கானாவில் வாரங்கல்லும் கரீம்நகரும் இடம்பெற்றன. முதலில் பட்டியலிலிருந்த ஹைதராபாத்துக்குப் பதிலாகவே கரீம்நகர் சேர்க்கப்பட்டது. தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை முதலிய பதினொரு நகரங்கள். நூறு நகரங்களிலும் போக்குவரத்தையும் குப்பை அகற்றலையும் தெருவிளக்கையும் ஓரிடத்திலிருந்து பார்க்கும் கட்டுப்பாட்டு மையங்கள் எழுந்தன. திட்டம் முடிந்துவிட்ட பின்னரும் அப்பெயரில் படிப்புகள் விற்பனையாவது வேடிக்கையன்றோ?

ஆனால் படிப்பின் உட்பொருள் வேடிக்கையன்று. கச்சிபௌலியிலுள்ள பன்னாட்டுத் தகவல் தொழில்நுட்ப நிறுவனம், 'ட்ரிபிள் ஐ.டி.' என்று பிள்ளைகள் சொல்வது, தன் வளாகத்தையே ஒரு சிறு நகரமாகக் கொண்டு, காற்றின் தூய்மை, நீர், மின்சாரம் ஆகியவற்றை ஆங்காங்கே உணர்கருவி வைத்து அளந்து ஆராய்ந்து வருகிறது. கருவி சொல்லும், செய்வது யார் என்பதே கேள்வி. 1908 செப்டம்பர் 28-இல் மூசி நதி பெருகி இந்நகரை அழித்தபோது, நிசாம் அரசு விசுவேசுவரையாவை அழைத்தது. அவர் திட்டத்தின் பயனாய் 1920-இல் உஸ்மான் சாகரும், 1927-இல் ஹிமாயத் சாகரும் கட்டி முடிந்தன. 2020 அக்டோபரில் பெய்த மழையில் தெருக்களில் படகு விட்ட நமக்கு, நீர் ஏறுகிறது என்று கைப்பேசியில் அறிவிக்கும் கருவியும் வேண்டும், அந்நீர் போக வாய்க்காலும் வேண்டும். சிவில் பொறியியலை மதிக்காத சீர்மிகு நகரப் படிப்பில் என் மருமகளைச் சேர்க்க மாட்டேன் என்று அத்தானிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

அவருக்கு அது பிடித்திருந்தது, ஃபிட்டர் அல்லவா!

இனி, இப்படிப்புகள் எங்கே நன்றாக நடக்கின்றன என்ற கேள்வி. சங்காரெட்டி அருகே கந்தியிலுள்ள ஹைதராபாத் ஐ.ஐ.டி. 2008-இல் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவில் தனி பி.டெக். பட்டப்படிப்பை நாட்டிலேயே முதலாவதாக 2019-இல் ஆரம்பித்தது அதுவே. முதல் ஆண்டில் இருபதே இடங்கள். அறிவார்ந்த போக்குவரத்தில் எம்.டெக். படிப்பும் அங்கே உண்டு. ஓட்டுநரில்லா வண்டிகளை ஓட்டிப் பார்க்கவென்றே ஒரு சோதனைக் களத்தை 2022-இல் திறந்தனர். கச்சிபௌலி நிறுவனம் 1998-இல் பிறந்தது. அதன் ஆட்சிக் குழுவின் தலைவராக விளங்கியவர் ராஜ் ரெட்டி. அவர் கதை நம்மவர்க்கு உரியது. சித்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1937-இல் பிறந்து, சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் 1958-இல் பட்டம் பெற்றவர். அங்கே அவர் பயின்றது செயற்கை நுண்ணறிவன்று, சிவில் பொறியியல். பின்னர் அமெரிக்கா சென்று, இயந்திரம் மனிதர் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆராய்ச்சியில் தலைசிறந்து, 1994-இல் கணினி உலகின் உயரிய டூரிங் பரிசைப் பெற்றார். பட்டத்தின் பெயரில் அடங்கியிருந்தது எவ்வளவு என்பதை இதிலிருந்து நேயர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவ்விடங்கள் கிட்டுவதில்லை. உஸ்மானியாப் பல்கலைக் கழகப் பொறியியற் கல்லூரி 1929 முதல் உள்ளது; ஜவாஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலைக் கழகம் 1972 முதல் உள்ளது. அவற்றுக்கு அப்பால் நகரைச் சூழ்ந்து தனியார் கல்லூரிகள் மிகப் பல. நல்லனவும் உண்டு, மற்றவையும் உண்டு. மற்றவற்றுள் ஒன்றை நாங்கள் மூவரும் நேரில் கண்டோம். பெயர் வேண்டா.

வாயிலில் பூச்செண்டு கொடுத்தனர். குளிர்ந்த அறையில் அமர்த்தித் தேநீர் தந்தனர். 'நுண்ணறிவு அமைப்புகள்' பிரிவின் இரண்டாம் ஆண்டு வகுப்பு அட்டவணையைப் பார்க்கலாமா என்று என் மருமகள் கேட்டாள். சேர்க்கை அலுவலர் புன்னகை செய்தார். உகப்பாக்கம் நடத்தும் ஆசிரியர் யார் என்று நான் கேட்டேன். நியமனம் நடந்துகொண்டிருக்கிறது என்றார். ஆய்வுக்கூடத்தைத் திறந்து காட்டச் சொன்னார் அத்தான்; சாவி வைத்திருப்பவர் விடுமுறையாம். ஆனால் இன்று மாலைக்குள் முன்பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்பதை மட்டும் மூன்று முறை சொன்னார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டே அத்தான் எழுந்து நின்ற காட்சி என் கண்ணைவிட்டு அகலவில்லை. திரும்பும் வழியில் பேருந்தில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. உப்பல் வந்ததும், "அந்தப் பெண் அட்டவணையைக் கேட்டிராவிட்டால் நான் கட்டியிருப்பேன் மாப்பிள்ளை" என்றார்.

அன்பர்கள் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அந்த அட்டவணையைக் கேளுங்கள். நேரியல் இயற்கணிதம், வாய்ப்பியல், நிரல் எழுதுதல், உகப்பாக்கம் ஆகியவை எந்த ஆண்டில், எத்தனை மணிநேரம், யாரால் நடத்தப்படுகின்றன என்று பாருங்கள். தேசியத் தரச்சான்று வாரியம் கல்லூரிக்கு மொத்தமாகச் சான்று தருவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தருகிறது. மாணவர் படித்து வெளியேறிய பிறகே அது கிடைக்கும். ஆகவே புதிதாய்த் தொடங்கிய பிரிவுக்கு, பக்கத்துப் பிரிவு பெற்ற சான்றைக் காட்டினால் ஏமாறவேண்டா.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இம்மாநிலக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். முன்பு 'எம்செட்' என்று வழங்கியது 2024 முதல் வேறு பெயரில் நடைபெறுகிறது. இடங்களில் நூற்றுக்கு 85 உள்ளூர் மாணவர்க்கு. பன்னிரண்டாம் வகுப்போடு முடியும் நான்கு ஆண்டுகளைத் தொடர்ந்து இங்கே படித்த பிள்ளை, வீட்டில் எம்மொழி பேசினாலும் உள்ளூர் மாணவரே. ஒன்பதாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் பாட்டி வீட்டில் ஓராண்டு படிக்கட்டுமே என்று ஊருக்கு அனுப்பிவைக்கும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. அந்த ஓராண்டு எவ்வளவு விலையுயர்ந்தது என்பதை முன்கூட்டியே எண்ணிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலோ பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. கணிதம் நூறு, இயற்பியல் ஐம்பது, வேதியியல் ஐம்பது என்று இருநூற்றுக்குக் கணக்கிட்டு, அண்ணா பல்கலைக் கழகக் கல்லூரிகள் உள்ளிட்ட இடங்களைக் கலந்தாய்வு வழியாகத் தருகின்றனர். வெளிமாநிலத்தில் படித்த தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். ஆனால் இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். சொந்த ஊர் வருவாய்த் துறையிலிருந்து அதைப் பெறுவதற்குள் கலந்தாய்வு நாள் நெருங்கிவிடுவதால், தேர்வு முடிவுக்குக் காத்திராமல் குளிர்காலத்திலேயே முயல்வது நலம். விதிகள் ஆண்டுக்காண்டு மாறுவன. அவ்வாண்டின் அறிவிப்பை ஒருமுறை முழுவதும் படித்துவிடுங்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் திறந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. தரவு அறிவியலில் வீட்டிலிருந்தே படிக்கும் பட்டப்படிப்பை நடத்துகிறது. கூட்டு நுழைவுத் தேர்வு கட்டாயமில்லை. நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேறினாற் போதும். வயது வரம்பில்லை என்று மருமகள் என் பக்கம் பார்த்துச் சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டுமே என்றேன். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் அதை எழுதலாமே மாமா என்றாள். என் மனைவி உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். ஆனால் அப்பள்ளியின் விவரப் புத்தகம் இப்போது என் மேசை இழுப்பறையில் இருப்பது உண்மை.

இச்செகந்திராபாத்தில் 1862-இல் மஹ்பூப் கல்லூரிக்கு வித்திட்டவர் சோமசுந்தர முதலியார் என்னும் நம்மவரே. படிப்பு விஷயத்தில் இவ்வூர்த் தமிழர் என்றும் பின்தங்கியதில்லை. பெயரைக் கண்டு மயங்குவதில்தான் சற்று முந்திவிடுகிறோம்.

பத்தாம் நாள் அத்தான் மறுபடி வந்தார். மருமகளே தன் முடிவைச் சொன்னாள். மின்னணுவியல், செய்தித்தொடர்புப் பொறியியலை முதலாகவும், கணினிப் பொறியியலை இரண்டாவதாகவும் பழைய, ஆசிரியர் நிறைந்த கல்லூரிகளில் கேட்பாளாம். உகப்பாக்கத்தையும் இயந்திரக் கற்றலையும் மூன்றாம் ஆண்டில் விருப்பப் பாடமாக எடுத்துக்கொள்வாளாம். சிக்னல் துறைக்குப் போவாயா என்று கேட்டேன். "முதலில் உள்ளே போகிறேன் மாமா" என்றாள். இங்கே நுழைவுத் தேர்வில் ஓரளவு நல்ல தரவரிசை வந்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கும் விண்ணப்பம் போட்டாயிற்று. சான்றிதழ்தான் பாக்கி.

அதற்காக அத்தான் புதன்கிழமை இரவு வண்டியில் குடியாத்தம் புறப்பட்டார். அவருக்கு இரண்டே நாள் விடுப்பு. இ-சேவை மையம், கிராம நிர்வாக அலுவலர், வட்டாட்சியர் காரியாலயம், பழைய ரேஷன் அட்டை வைத்திருக்கும் பெரியம்மா வீடு என்று நான்கு இடங்கள். எதை எப்போது பார்த்தால் சனிக்கிழமை காலை திரும்பிவிடலாம் என்று மகள் நேரத்தோடும் பேருந்தோடும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். அதன்படி வீணாகும் நேரம் மொத்தம் 40 நிமிடமே. அத்தான் பிளாட்பாரத்தில் நின்று அதை இரண்டு முறை வாசித்தார்.

"எல்லாம் சரிதான், பெரியம்மா சாப்பிடாமல் அனுப்புவாளா? அதற்கு இதில் நேரமே இல்லையே" என்றார்.